மூளித் துப்பாக்கிகள்

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் எனக்கு வாய்த்த வேலை, சுடாத துப்பாக்கிகளைப் பிரிப்பது. சுடும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பட்டாளத்தோடு கப்பலேறிப் போய்விட்டன. ஊரில் மிஞ்சியவை கவாத்துக்கென்று வைத்திருந்த பொய்த் துப்பாக்கிகள். பொய் என்றால் மரத்தில் செய்தவை அல்ல, ஒரு காலத்தில் நிஜமாகவே சுட்டவைதான். வயதாகிப்போன துப்பாக்கியை எடுத்து, தோட்டா உட்காரும் இடத்தில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை போடுவார்கள். தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கும் ஊசி ஒன்று உள்ளே இருக்கும், அதன் முனையை வெட்டுவார்கள். கட்டையில் ஒரு வெள்ளை வளையம் பூசுவார்கள். அதன் பிறகு அது கவாத்துக்கு மட்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தோளில் வைப்பார்கள், இறக்குவார்கள், தரையில் ஓங்கிக் குத்துவார்கள். வருஷக்கணக்கில் அப்படி அடிபட்டு ஓய்ந்த பிறகு எங்கள் பட்டறைக்கு வரும்.

பட்டறை என்பது சிப்பாய்கள் குடியிருக்கும் படை லைன்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மைசூரில் வெயிலே இல்லை என்று சொல்பவர்கள் பங்குனியில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும். சீமையிலிருந்து உதிரி பாகம் வருவது நின்றுபோயிருந்தது. அதனால் பொய்த் துப்பாக்கிகளைப் பிரித்து, திருகாணி, சுருள்வில், குறிமுள், வளையம், பித்தளை அடித்தகடு என்று உயிருள்ளதையெல்லாம் மீட்டு, நிஜத் துப்பாக்கிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இதைப் படித்தால் பெரிய வித்தை போலத் தெரியும். எனக்கு அது மண்ணெண்ணெய்த் தொட்டியும் கம்பிப் பிரஷும்தான். காலையில் ஊறப்போட்டதை மாலையில் தேய்ப்பது, மாலையில் ஊறப்போட்டதைக் காலையில் தேய்ப்பது. பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவோம். வீட்டில் பெண்கள் குத்துவிளக்குக்குச் செய்வதை நாங்கள் சர்க்கார் சம்பளத்தில் செய்தோம்.

என் அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பட்டறையில் இரண்டையும் கலந்து ஒரு பாஷை, அதிகாரி உள்ளே வந்தால் எஸ் சார். பிட்டர் வேலை கற்றுக்கொண்டபோது ரயில் என்ஜின் பூட்டுவேன் என்று நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் விரலிடுக்கில் மண்ணெண்ணெய் நாறும். ரசத்தில் எது மிளகு, எது என் விரல் என்று எனக்கே தெரியாது. எனக்கு அலுப்பு என்றால் சாதாரண அலுப்பு அல்ல, தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

பட்டறையின் மேஸ்திரி தமிழர்தான், மூன்று தலைமுறையாக மைசூர்க்காரர். வேலையில் கெட்டி, பக்தியில் அதைவிடக் கெட்டி. அவருடைய ஒரே மகன் பட்டாளத்தோடு கடல் கடந்து போயிருந்தான். மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மேஸ்திரி கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குப் போவார், வெறுங்கையோடு வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். அவரைப் பற்றி நாங்கள் எவ்வளவோ கேலி பேசுவோம், அதைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

அந்த வருஷம் தசரா வந்தது. மைசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? அரண்மனையில் பட்டாக்கத்திக்கு நடப்பது எங்கள் கொட்டகையில் ரம்பத்துக்கும் அரத்துக்கும் நடக்கும். வழக்கமாக எங்கள் கருவிகளுக்குப் பின்னால் ஒரு வரிசை துப்பாக்கிகளைச் சாத்தி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேவராஜ மார்க்கெட்டிலிருந்து சேவந்தி வாங்கிப் போட்டு, பூசணிக்காய் உடைப்போம். அந்த வருஷம் சாத்தி வைக்க நல்ல துப்பாக்கி இல்லை. அடுக்கில் இருந்ததெல்லாம் பிரிப்பதற்கு வந்த பொய்த் துப்பாக்கிகள். இருப்பதை வைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்னே பேசாதப்பா. பின்னமான விக்கிரகத்துக்குப் பூஜை உண்டா? மூளியைக் கொண்டுபோய் அம்மன் முன்னால வைக்கச் சொல்றியா? என் மகன் அங்க குண்டு நடுவுல இருக்கான்" என்றார்.

மேஸ்திரி ஆறு துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தார். பூஜை முடிகிற வரைக்கும் அவை முழுசாக இருக்க வேண்டும், விஜயதசமி கழித்து மறுநாள் பிரித்துவிடலாம் என்று சொன்னார். அந்த ஆறுக்கும் நாங்கள் பட்ட பாடு நிஜத் துப்பாக்கிக்குக்கூடப் பட்டதில்லை. குழலில் இருந்த ஓட்டையில் பித்தளைத் துண்டை இறுக்கி அடித்து, சமமாக அராவி, மேலே கருக்கிவிட்டோம். வெட்டுப்பட்ட ஊசியை எடுத்துவிட்டு, மீட்டுவைத்த டப்பாவிலிருந்து முழு ஊசி போட்டோம். வெள்ளை வளையத்தைத் தச்சர் சுரண்டி எடுத்து ஆளிவிதை எண்ணெய் தடவினார். கவாத்துக்கு என்று குத்தியிருந்த எழுத்துகளில் அரக்கைக் காய்ச்சி ஊற்றித் தேய்த்துவிட்டார். முடித்துச் சாத்தி வைத்தபோது எங்களுக்கே அவை நிஜமாகத் தெரிந்தன. சுட்டால் மட்டும் அந்தப் பித்தளைத் துண்டு பிய்த்துக்கொண்டு சுட்டவன் முகத்துக்கே வரும்.

இது யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. பொட்டு வைத்த துப்பாக்கியை விஜயதசமியன்று யார் தொடப்போகிறார்கள் என்பதும் கூடவே தோன்றியது. பூஜையில் வைத்த புத்தகத்தைக்கூட மறுபூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் விஜயதசமி, ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம். கொட்டகையைப் பூட்டிவிட்டு எல்லோரும் யானை பார்க்கப் போனோம். யுத்தகாலச் சிக்கனம் என்று சொன்னாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த ஆவணியிலிருந்தே வெள்ளையனே வெளியேறு என்று சமஸ்தானம் முழுக்க ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்ததால், ஒவ்வொரு முக்கிலும் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். வெளியூர்க் காவலுக்கும் அவசரமாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் இருந்தார்கள், துப்பாக்கிதான் பற்றவில்லை. அன்றைக்குப் பொறுப்பில் இருந்த அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர், எங்கள் சம்பிரதாயம் ஒன்றும் தெரியாதவர். பட்டறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வரிசையாக ஆறு துப்பாக்கி, பளபளவென்று எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து. அவர்மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். கண்ணிருக்கும் எவரும் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

அடுத்த நாள் காலை நாங்கள் வேலைக்கு வந்தபோது பூ மட்டும் இருந்தது. மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் லைன்களுக்கு ஓடினேன். நல்ல காலம், ஐந்து துப்பாக்கிகள் காவல் அறையில் அப்படியே கிடந்தன, பொட்டுகூட அழியவில்லை. திருகு இறுக்க வேண்டும் என்று ஏதோ சொல்லித் தூக்கிக்கொண்டேன். ஆறாவது எங்கே என்று ஹவில்தாரைக் கேட்டேன். சாமராஜநகர் கஜானாக் காவலுக்குப் போன ஒருவருடைய துப்பாக்கியில் கட்டை பிளந்திருந்ததாம், அதற்குப் பதிலாகக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது என்றார். யார் அந்த ஆள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு மாப்பிள்ளைதான், தெரியாதா என்றார்.

என் தங்கையின் புருஷனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கொள்ளேகால் பக்கம். அப்போது அது சென்னை மாகாணம். பூர்வீக நிலம் அண்ணன்மார் கைக்குப் போய்விட்டதால் எல்லை தாண்டி வந்து எங்கள் சமஸ்தானத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். அவர் வெளியூர்க் காவலுக்குப் போகும்போதெல்லாம் தங்கை என் வீட்டில் இருப்பாள். விடுப்பில் வந்தால் அவரும் என் வீட்டில்தான். ஆவணிக்குப் பிறகு ஒருமுறை வந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்தார், படுத்தவர் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். ரேஷன் அரிசிக்கு நான் வரிசையில் நிற்கிறேன், இவர் தின்னும் சோற்றுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட இறைத்து ஊற்றவில்லை. அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், நேரம் கழித்து வருவார். மச்சான் வீட்டில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லையோ என்று நான் என் மனைவியிடம் முணுமுணுத்தேன். சோம்பேறி என்று முடிவே கட்டிவிட்டிருந்தேன்.

ஆனால் ஹவில்தார் சொன்னதும் ஐந்து துப்பாக்கிகளையும் சுமந்துகொண்டு பட்டறைக்கு ஓடினேன். அந்த மாதங்களில் கஜானாவுக்கு முன்னால் கூட்டம் கூடுவது தினமும் நடக்கிற காரியம். கூட்டத்தைப் பார்த்து எந்த நிமிஷம் யார் சுடச் சொல்வார்கள் என்று சொல்ல முடியாது. சொன்னால் இவர் விசையை அழுத்துவார். அழுத்தினால் கண்ணோ உயிரோ போகும். என் கையால் அராவிய பித்தளைத் துண்டு அது.

உடனே தந்தி கொடுத்து அந்தத் துப்பாக்கியைத் தொடாதே என்று சொல்லிவிடலாம் என்றேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். யுத்தகாலத்தில் உத்தரவில்லாமல் பொய்த் துப்பாக்கியை நிஜமாக்கியது வெளியே தெரிந்தால் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் சிறைதான், உன் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆவதற்கு முன்னால் நீ உள்ளே போவாய் என்றார். சரியாகத்தான் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு வழி வைத்திருந்தார். பழுதான துப்பாக்கிக்கு மாற்றுத் துப்பாக்கி கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பட்டறையின் வழக்கமான வேலை. உள்ளே அடுக்கில் பழுது பார்த்து முடித்த நல்லது ஒன்று இருந்தது. அதைச் சாக்கில் சுற்றி, அனுமதிச் சீட்டு எழுதி, நாளைக் காலை ரயிலுக்குப் போ என்று என் கையில் கொடுத்தார்.

தங்கையிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். சாக்குப் பொட்டலத்தையும் என் முகத்தையும் பார்த்தாள், அவ்வளவுதான், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"நீ போய் அதை வாங்கிட்டு வா அண்ணா. உன் மேஸ்திரியை நான் அப்புறமா கவனிச்சுக்கறேன்" என்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

சாமராஜநகர் ரயில் நடந்து போவதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும். நஞ்சன்கூட்டில் கோயிலுக்கு வந்த கூட்டம் இறங்கி, வாழைத்தார்கள் ஏறின. நான் சாக்கை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு நிலையத்தில் யாரோ நேற்று எங்கோ துப்பாக்கிச் சூடு என்று சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. தெய்வத்தைக் கும்பிடலாம் என்றால், இந்த வினை வந்ததே கும்பிட்டதால்தானே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கும்பிட்டேன்.

தாலூகா கச்சேரியின் ஒரு மூலையில் கஜானா. வாசலில் நின்றவரைத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. முழு முகத்தோடு, இரண்டு கண்ணோடு, என் தங்கை புருஷன் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் துப்பாக்கி. அத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கிருந்த காவல் தலைவர் சீட்டைப் பார்த்துவிட்டு, முறை மாறியதும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மதியம் முறை மாறியது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னேன், பூஜை, பித்தளைத் துண்டு, அரக்கு எல்லாம். சொல்லிக்கொண்டே அவர் துப்பாக்கியை வாங்கி, ஊசி இருக்கும் போல்ட்டை உருவிப் பார்த்தேன். உள்ளே ஊசி இல்லை. நாங்கள் போட்ட முழு ஊசி அங்கே இல்லவே இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வெற்றிலைப் பையைத் திறந்து, பாக்குக்கு நடுவிலிருந்து ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வாங்கின அன்னைக்கே தெரிஞ்சுதுங்க மச்சான். எண்ணெத்துணி போட்டுக் குழலை இழுத்தா ஒரு எடத்துல மாட்டுச்சு. வெளிச்சத்துல பாத்தேன். சரி, இது கவாத்துத் துப்பாக்கின்னு தெரிஞ்சுக்கிட்டு ஊசியைக் கழட்டிட்டனுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, சுடாத இரும்பை வைத்துக்கொண்டு கஜானா வாசலில் நிற்பதா, அங்கே ஒருத்தி சோறு தின்னாமல் கிடக்கிறாள், உங்களுக்கு எல்லாமே சோம்பல்தானா என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது, பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலைப் பையைச் சுருட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆவணியில் ஒரு சின்ன ஊர்ச் சந்தையில் இவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்களாம். கூட்டம் கல்லெறிந்தது, சுடச் சொன்னார்கள், சுட்டார்கள். புகை விலகியபோது கூட்டம் ஓடிவிட்டிருந்தது. ஓரமாக வெற்றிலைக் கூடையோடு நின்ற ஓர் ஆள் மட்டும், களைப்பாக இருப்பவர் உட்காருவதுபோல, மெல்ல உட்கார்ந்தார். ஊர்வலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"ஆறு பேரு சுட்டமுங்க. உன்னுது இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொருத்தனுக்கும் அதையேதான் சொன்னாங்க. என்னுதா இல்லையான்னு யாருங்க சொல்றது?" என்று என்னைக் கேட்டார்.

என் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதெல்லாம் தூங்கவே இல்லை என்று அவர் சொன்னார். கண்ணை மூடினால் கூடை தெரியுமாம். ஓட்டை போட்ட துப்பாக்கி கைக்கு வந்து, ஊசியையும் கழற்றிய பிறகுதான் மனசு கொஞ்சம் இறங்கியதாம். இனிமேல் சுடு என்றால் சுடலாம், விசையை அழுத்தலாம், யாரும் உட்காரமாட்டார்கள். இதை அவர் ஏதோ சம்பள உயர்வு கிடைத்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, கொள்ளைக்காரன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வந்தா பாத்துக்கலாமுங்க என்றார்.

சாக்கைப் பிரித்து நல்ல துப்பாக்கியை எடுத்து வைத்தேன். அதை அவர் தொடவில்லை. என் கருவிப் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பித்தளை வெச்சது ஆபத்துன்னா எடுத்துக்கிட்டுப் போயிருங்க மச்சான். ஆனா இதையும் அதுமாதிரி ஆக்கிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

என் தொழில் என்ன என்று அவருக்குத் தெரியும். மூளியானதை முழுசாக்குவது. அதற்குத்தான் சம்பளம், அதில்தான் என் இடுப்பு ஒடிந்தது. நல்ல துப்பாக்கி ஒன்றைக் கெடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. பிடிபட்டால் அவருக்கும் எனக்கும் என்ன ஆகும் என்று யோசித்தேன். தங்கையை யோசித்தேன். அந்த வெற்றிலைக்காரருக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாள் என்று யோசிக்க வேண்டாம் என்று பார்த்தேன், அதுவும் வந்துவிட்டது. எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. வாதாடிச் சரி தப்பு பார்க்கிற தெம்பு அந்த யுத்தத்தில் யாருக்கு இருந்தது? போல்ட்டை உருவி ஊசியை எடுத்தேன். முனைக்குச் சற்றுக் கீழே அரத்தால் ஒரு கீறல் போட்டு, குறட்டால் பிடித்து வளைத்தேன். பட்டென்று போய்விட்டது. ஊசி முறிவது துப்பாக்கிக்கு வருகிற சாதாரண வியாதிதான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சமையல் கொட்டகை அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து முறிந்த இடத்தில் தடவினேன், பழைய முறிவு போலவே இருந்தது. நான் செய்த வேலைகளில் சுத்தமான வேலை அது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் தங்கை வாசலிலேயே நின்றாள். மாற்றிக் கொடுத்துவிட்டேன், இனி முகத்துக்கு ஆபத்தில்லை என்றேன். அது பொய் இல்லை. மேஸ்திரி அந்த ஆறாவது துப்பாக்கியைத் தன் கையாலேயே பிரித்து, ஓட்டை விழுந்த குழலை உடைக்கப் போடும் குவியலில் சேர்த்தார். அதன் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் அரம், ரம்பம், சுத்தியல் மட்டும்தான். யுத்தம் முடிந்து அவருடைய மகன் ஊர் வந்து சேர்ந்தான். மேஸ்திரி பட்டறைக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார்.

தங்கை புருஷன் இன்னும் ஒன்றரை வருஷம்போலச் சேவகத்தில் இருந்தார். முறிந்த ஊசியோடு எப்படிச் சமாளித்தார் என்று ஒருமுறை கேட்டேன். பார்வையிட வருகிறவர்கள் குழலில் கண்ணை வைத்துப் பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்களாம். தோட்டா பஞ்சத்தில் சுட்டுப் பழகுவதும் நின்றுபோயிருந்தது. ஊசியைப் பற்றிக் கேட்டவர் யாருமில்லை. இரண்டு முறை கூட்டத்தின் முன் நிறுத்தினார்களாம். ஒருமுறை சுடச் சொன்னார்களா என்று கேட்டேன். அதற்கு அவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், நானும் மறுபடி கேட்கவில்லை. பிறகு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கையை அழைத்துக்கொண்டு கொள்ளேகாலுக்கே போய்விட்டார். அண்ணன்மாரோடு சேர்ந்து மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார். தங்கை வந்துபோகும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். இருக்கார் என்பாள்.

அவர் ஒப்படைத்த துப்பாக்கி வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. அந்த ஆள் கருத்தானவர், முதல் நாளே பிரித்துப் பார்த்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைமேல் பழுதுக்கு வந்தவற்றோடு அதுவும் கிடந்தது. ஊசி முறிவு என்று சீட்டுக் கட்டியிருந்தது. என் கீறலை எனக்குத் தெரியாதா? கரி இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுத்து மற்றவற்றுக்கு அடியில் வைத்தேன். மறுநாளும் அடியிலேயே வைத்தேன். அந்த வாரம் முழுக்க நான் அதைத் தொடவில்லை. ஒரு ஊசி மாற்ற இவ்வளவு நாளா, உடம்பு சரியில்லையா என்று மேஸ்திரி கேட்டார். அவரிடம் சாமராஜநகரில் நடந்ததை நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? என்னால்தான் என்ன செய்ய முடியும்? இதன் ஊசியை நான் மறுபடி முறித்துக் கொடுத்தால் நாளைக்கு இன்னொரு மேஜைக்குப் போகும். கேட்டு வாங்கிக்கொண்டவர் இப்போது இல்லை. என் கையே எனக்கு வெறுப்பாக இருந்தது. மீட்டுவைத்த டப்பாவைத் திறந்து நல்ல ஊசி ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தொட்டுப் பூட்டினேன்.

மறுநாள் அந்தச் சிப்பாய் வாங்க வந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல உழைப்பாளி மாதிரி கை. போல்ட்டை இழுத்து, காலித் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பார்த்தார். சத்தம் சரியாக விழுந்தது. சந்தோஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, இனி சுடுமா என்று கன்னடத்தில் கேட்டார்.

சுடும் என்றேன்.